அத்தி தூங்காத மார்கழி

எலிசபெத் புடவைக்கு மேல் எப்போதும் ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். செத்துப்போன புருஷன் அலெக்சாண்டருடைய சட்டை. சித்திரை வெயிலில்கூடக் கழற்ற மாட்டாள். மேல்சித்தாமூர் சாலையில் போகிறவர்கள் அதைப் பார்த்து, புருஷன்மேல் இன்னும் என்ன பாசம் என்று உருகுவார்கள். பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டைக்குக் காரணம் அத்திப்பால். இலையைக் கிள்ளினாலும் காயைப் பறித்தாலும் வெள்ளையாக வடியும். பட்ட இடம் அரிக்கும், வெயில் ஏறினால் கறுத்துப் புண்ணாகும். முதல் வருஷம் இது தெரியாமல் வெறுங்கையால் பறித்து, இரண்டு கையும் வெந்துபோய் என் பம்புசெட்டுத் தொட்டியில் முழங்கைவரை விட்டுக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் அலெக்சாண்டரின் சட்டைகள் பெட்டியைவிட்டு வெளியே வந்தன.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட என் கொல்லைக்கும் அவள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லை என்று அவள் சொன்னால் அதையும் வரப்பில் நின்றே பேசிக்கொள்வோம். எங்கள் சண்டை எல்லாமே அங்கேதான் நடக்கும்.

அவள் வளர்ப்பது ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாட்டு அத்தி இல்லை. சீமையத்தி. கை அகலத்துக்கு இலை, எலுமிச்சை அளவுக்குப் பழம். பழம் தேனாக இருக்கும். ஆனால் அதைப்போல் பேர் கெட்ட மரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவள் சொந்தக்காரர்கள் பைபிளைக் காட்டி, "ஆண்டவரே சபிச்ச மரம், அத்தப் போயி கட்டி அழுவுற" என்பார்கள். என் வீட்டில் அத்திப்பழத்தைக் கொடுத்தால் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார்கள். அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான அப்பாண்டை நயினாரோ அதை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் சமணர். ஆல், அரசு, அத்தி என்று பால் வடிகிற மரத்தின் பழம் எதையும் அவர்கள் தொடுவதில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம்.

அத்தி சாப்பிடாதவர் எதற்கு அத்தித்தோப்பு வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் வைக்கவில்லை. சென்னைக்காரர் ஒருவர் ஆசையாய் நிலம் வாங்கி, நாற்பது கன்றுகளை நட்டு, இரண்டே வருஷத்தில் ஆசை தீர்ந்து விற்றுவிட்டுப் போனார். பக்கத்துத் தென்னந்தோப்போடு சேர்ந்திருக்கட்டும் என்று நயினார் வாங்கினார். வாங்கிய பிறகுதான் சங்கடம். பழத்தைத் தின்ன முடியாது. காய்க்கிற மரத்தைப் பிடுங்கவும் மனசு வராது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் நின்ற நேரத்தில்தான், களையெடுக்க வந்த எலிசபெத், "ஐயா, நான் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது அலெக்சாண்டர் போய் ஒரு வருஷம். மகள் எஸ்தரைப் புதுச்சேரியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பத்து வயசிலிருந்து கூலி வேலை. நாற்று நட்டிருக்கிறாள், கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்திருக்கிறாள், கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவியிருக்கிறாள். அத்திக்குக் காசு வாங்க நயினாருக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் பழம் முழுக்க அவளுக்கு, பதிலுக்கு அவள் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து செஞ்சி பஸ் நிலையத்தில் அவள் கூடையை எல்லாருக்கும் தெரியும். செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெரிய பட்டம் கிடைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வேறு. திருவண்ணாமலை பஸ் கிளம்புவதற்குள் பாதிக் கூடை காலியாகிவிடும்.

நயினார் ஒரு கட்டுப்பாடு மட்டும் போட்டார். மரம் தூங்கும்போதுதான் வெட்ட வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அத்தி புதுக்கொம்பில்தான் நன்றாகக் காய்க்கும். ஒவ்வொரு வருஷமும் கொம்புகளைக் குட்டையாக வெட்டிவிட்டால்தான் புதுசு வெடிக்கும். மார்கழிக் குளிரில் இலை பழுத்துக் கொட்டி, மரம் மொட்டையாகி, செத்ததுபோல நிற்கும். அதைத்தான் தூக்கம் என்பார் நயினார். பொங்கல் கழிந்து ஒரு காலையில் தோட்டத்துக்கு வருவார். கொம்பைத் தொட்டுப் பார்ப்பார். நகத்தால் லேசாகக் கீறுவார். பால் வராது. "தூங்குதும்மா, வெட்டிக்கோ" என்பார். அப்புறம்தான் எலிசபெத் கத்தரியை எடுப்பாள். மற்ற சமண நயினார்கள் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நெல் அறுக்கிறார்கள், கரும்பு வெட்டுகிறார்கள். இது அவராக வைத்துக்கொண்ட சட்டம். கேட்டால், "நெல்லு அதுவா காஞ்சு தல சாயுது. இது அப்படியா?" என்பார். வாதாடி அவரை ஜெயிக்க முடியாது.

ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. ஆறாவது வருஷம் காய்ப்பு படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நயினாரின் மகன் தன்யகுமார் பெங்களூரிலிருந்து வந்தான். கோட்டை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு நாலு குடில் கட்டலாம், அத்தி நிற்கிற இடம்தான் சாலையோரம் தோதாக இருக்கிறது என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவுக்கு வயசாகிறது, நிலத்தில் ஏதாவது நிலையான வரும்படி இருக்கட்டும் என்று நினைத்தான். நயினார் அவனிடம் வாக்குக் கொடுத்தார். "வர்ற வைகாசிக் காய்ப்பப் பாப்போம். நல்லா காய்ச்சா மரம் இருக்கட்டும். இல்லன்னா உன் இஷ்டம்."

எலிசபெத் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பயப்படவில்லை. வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டி, எரு வைத்தால் மரம் காய்க்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் போன மார்கழி மார்கழியாகவே வரவில்லை. கார்த்திகையில் பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. பனி இல்லை, குளிர் இல்லை. மஃப்ளர் கட்டாமல் யாரும் வெளியே வராத மாசத்தில் நாங்கள் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்தோம். அத்திமரங்களுக்கு இது என்ன மாசம் என்றே தெரியவில்லை. ஓர் இலை உதிரவில்லை. கொம்பு நுனியில் இளம்பச்சையாய்த் துளிர் வந்தபடி இருந்தது. நடுவில் சின்னச் சின்னக் காய்கள் வேறு. அதைப் பழம் என்று நினைத்து நான் ஒன்றைத் தின்று பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறிய பஞ்சு தேவலாம்.

"வளந்தா நல்லதுதானே, இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருக்கிற?" என்று கேட்டேன்.

"வெறும் எலையா வளருதுண்ணே. சத்தெல்லாம் அதுக்கே பூட்டா வைகாசிக்கு இன்னா இருக்கும்? வெட்டாம வுட்டா ஒண்ணும் நிக்காது" என்றாள்.

தண்ணீரை நிறுத்தினாள். மண்ணிலேயே ஈரம் இருக்கும்போது மரம் எதற்குக் கவலைப்படும்? வேர் காயட்டும் என்று அடிமண்ணைப் பறித்துவிட்டாள். மறுநாளே தூறல். பொங்கல் வந்தது, போனது. நயினார் தோட்டத்துக்கு வந்து கொம்பைக் கீறினார். பால் பொங்கி வந்து அவர் விரலில் ஒட்டியது.

"முழிச்சிருக்குதேம்மா" என்றார்.

"எலையக் கையால உருவிட்டா தூங்கிடும் ஐயா."

"தூங்காதவன் கண்ணைக் கட்டிட்டு, தூங்கிட்டான்னு சொல்றதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மரத்துக்குப் பார்க்கிற இரக்கத்தை மனுஷிக்குப் பார்க்கக் கூடாதா என்று வரப்பில் நின்றபடியே கேட்டுவிட்டேன். நயினார் விரலில் ஒட்டின பாலைத் துடைத்துக்கொண்டு நடந்தார். எலிசபெத்தான் என்னை முறைத்தாள்.

தை பாதியில் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ள நயினார் புதுச்சேரிக்குப் போனார். திரும்ப நாலு நாள் ஆகும். நான் வரப்பைத் தாண்டி ஓடினேன். "வெட்டு. வரதுக்குள்ள மொத்தத்தையும் வெட்டிப் போடு. கண்ணுல மருந்து ஊத்தினு வர மனுஷனுக்கு இன்னா தெரியப் போவுது? கேட்டா, தானா தூங்கிடுச்சுன்னு சொல்லிடு."

அவள் கத்தரியைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். அதைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு அவருகிட்ட பொய் சொல்லணும். இல்ல, நீங்க இல்லாதப்ப வெட்டிட்டேன்னு அவரு மூஞ்சியப் பாத்து சொல்லணும். ரெண்டும் என்னால ஆவாதுண்ணே."

"அப்ப தோட்டம் பூடும்."

"பூட்டா பூடட்டும். நீ போய் உன் மல்லாட்டையப் பாரு."

இப்படியும் ஒரு பெண்பிள்ளை. திட்டிக்கொண்டே வந்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

நயினார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கிய மறுநாள் காலை எலிசபெத் அவருக்காகத் தோட்டத்தில் காத்திருந்தாள். நானும் மடை திருப்புகிற சாக்கில் அங்கே நின்றேன். அவர் கொம்பைத் தொடுவதற்குள்ளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயா, இது தூங்காது. இந்த வருஷம் குளுரே வரல. அது மரத்து மேல தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. நான் ஊரான் கொல்லையில ஊரான் சொன்ன வேலையச் செஞ்சே பாதி ஆயுசு பூட்டவ. எப்ப குனியணும் எப்ப நிமிரணும்னு வேற யாரோ சொல்லுவாங்க. இந்தத் தோட்டத்துலதான், இன்னிக்கு இது செய்யணும்னு நானா நெனச்சு நானா செய்யறேன். இது பூட்டா எனக்குச் சோறு கெடைக்கும், அதுக்கு ஒண்ணும் கொறையில்ல. ஆனா மறுபடியும் அந்த மாதிரி நிக்கணும். எனக்குப் பயமா இருக்குது ஐயா. வெட்ட வுடுங்க."

நயினார் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருப்பார், யார் கேட்கிறார்கள்?

"வெட்டிக்கோம்மா" என்றார் கடைசியில். "முழிச்சிருக்கிறத வெட்டச் சொல்றது நான். அதனால அது என் கணக்கு. ஒரு மரத்துக்கு ஒரு வேளைன்னு சோறு வுட்டுடறேன்."

எங்களுக்கு அது உறைக்கவில்லை. எலிசபெத் ஓடிப்போய்க் கத்தரியை எடுத்து வந்தாள். அன்றைக்கு மட்டும் ஆறு மரம் வெட்டினாள். வெட்டின வாயிலெல்லாம் பால் சொட்டியது. நயினார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வந்தது. அதைத் திறக்காமலே என் பக்கம் தள்ளினார். "அரி, நீ சாப்டு." வெங்காயம் பூண்டு இல்லாத மோர்க்குழம்பும் பருப்புத் துவையலும். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். பாதியில்தான் புத்தியில் ஏறியது. ஆறு மரம், ஆறு வேளை. அவர் இருட்டின பிறகு சாப்பிடுகிறவர் இல்லை, ஒரு நாளைக்கு இரண்டே வேளைதான். அப்படியானால் மூன்று நாளைக்கு அவருக்குச் சோறே இல்லை, காய்ச்சி ஆறின தண்ணீர்தான். அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

எலிசபெத்திடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு கத்தரியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நயினார் தோட்டத்துக்கு நடந்து வரும்போது வரப்பில் கால் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர். நாங்கள் இரண்டு பேரும் ஓடித் தூக்கினோம்.

"ஏன் நிறுத்திட்ட? வெட்டும்மா" என்றார் மூச்சிரைக்க.

"ஒவ்வொரு மரத்துக்கும் உங்க வயித்தக் காயப் போட்டு எனக்கு ஒரு தோட்டமா? வேணாம். ஆறோட போவட்டும்."

"ஆறு மரம் காய்ச்சா எம்மவன் ஒத்துக்குவானா?"

"அப்ப பாதி எனக்குக் குடுங்க. ஒரு மரத்துக்கு நீங்க இருங்க, ஒரு மரத்துக்கு நான் இருக்கிறேன்."

நயினார் சிரித்தார். "பாவத்தப் பங்கு போட முடியாதும்மா. அவனவன் செஞ்சது அவனவனுக்கு. எங்க சாமியே அப்படித்தான் சொல்லுது."

"பாவம் உங்ககிட்டயே இருக்கட்டும். பசியப் பங்கு போடலாம் இல்ல?"

எந்த வாதத்திலும் தோற்காத மனுஷன் அதற்குச் சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் தினம் ஒரு மரம். ஒருநாள் மத்தியானச் சோறு நயினாருக்கு இல்லை, அடுத்த நாள் எலிசபெத்துக்கு இல்லை. வெட்டின மறுநிமிஷம் காயத்துக்கு மருந்துப் பசை தடவுவாள். பிறகு இருவரும் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். முறை இல்லாதவர் சாப்பிடுவார், முறை உள்ளவர் பேசிக்கொண்டிருப்பார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப் போக, அவர்கள் பக்கத்தில் என் சோற்றுத் தூக்கைத் திறக்கக் கூச்சமாகி, தனியாகப் போய் என் கொல்லையிலேயே சாப்பிட்டேன். மாசியில் எலிசபெத்துக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமும் பிறந்துவிட்டது. அதற்கு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி வேறு. "எந்தப் பசி எந்தக் கணக்குல போவுது?" என்று கேட்டேன். "அத்தப் பாக்கத்தான் மேல ஒருத்தர் உக்காந்துனு இருக்காரு. நீ உன் வேலையப் பாருண்ணே" என்றாள்.

வெயில் ஏற ஏற, முதலில் வெட்டின மரங்கள் வெடித்தன. தடித்தடியாய்க் கொம்பு, ஒவ்வொரு இலைக்கணுவிலும் மிளகு அளவில் ஒரு காய்.

மாசி முடிகிற நேரம், ஒரு மத்தியானம் தன்யகுமாரின் கார் வந்து நின்றது. கூடவே டேப்பும் கையுமாக இரண்டு ஆட்கள். குடிலுக்கு இடம் அளந்து பார்க்க வந்திருந்தார்கள். அவன் நேராக வேப்பமரத்தடிக்கு வந்தான். அன்றைக்கு எலிசபெத்தின் முறை. நயினார் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா நைனா, இப்படி எளச்சுப் பூட்ட? மாத்திர ஒழுங்கா போடுறியா?" என்றவன் எலிசபெத்தைப் பார்த்தான். "அவங்க சாப்டல?"

"இன்னிக்கு அவங்க முறை" என்றார் நயினார், வாயில் சோற்றோடு.

அவனுக்குப் புரியவில்லை. நயினார் சாப்பிட்டு, கைகழுவி, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். குளிர் வராததிலிருந்து சொன்னார். தன்யகுமாரின் முகம் சிவந்துகொண்டே போனது.

"எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா, மரத்த எடுக்க வேணாம்னு நானே வுட்டிருப்பேனே! எதுக்கு இந்தப் பட்டினி? இந்த வயசுல உனக்கு எதாவது ஆயிருந்தா?"

"நீ வுட்டா அது உன் தயவுப்பா. காய்ச்சு நின்னா அது அவங்க தோட்டம். ரெண்டும் ஒண்ணா?"

வைகாசியில் பழம் நன்றாகவே வந்தது என்பதையும், மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்துக்குப் போனால் நீங்களே வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் எனக்கு வைகாசியைவிட அந்த மத்தியானம்தான் மனசில் நிற்கிறது.

தன்யகுமார் கொஞ்ச நேரம் மரங்களுக்கு நடுவில் நடந்தான். வெட்டின கொம்புகளைப் பார்த்தான். ஒரு மிளகுக்காயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அளக்க வந்தவர்களிடம் போய் ஏதோ சொன்னான். அவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

திரும்பி வந்து எலிசபெத்திடம் கேட்டான். "இன்னும் எத்தன மரம் பாக்கி இருக்குது?"

"நாலு, தம்பி."

"நாளைக்கு யாரு முறை?"

"என்னோடது" என்றார் நயினார்.

"நீ சாப்டு நைனா. நாளைக்கு நான் இருக்கிறேன்."

எலிசபெத் எழுந்து மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அலெக்சாண்டரை அடக்கம் பண்ணின அன்றுகூட அவள் அழவில்லை.